படத்தில் காட்டியபடி

"மேடம்... குடையை வெளிய உதறுங்க. உள்ள ஆபரேஷன் நடக்குது."

அவள் திடுக்கிட்டு நின்றாள். மழைக்கு ஒதுங்கத்தான் அந்த போன் ரிப்பேர் கடைக்குள் நுழைந்திருந்தாள். குடையை மடக்கிய வேகத்தில் தெறித்த தண்ணீர், மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த ஒரு போனின் வயிற்றில் சொட்டுச் சொட்டாய் விழுந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவன் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தான். மற்றொரு கண் மட்டும் அவளை முறைத்தது...

ஒற்றைக் கண்ணால் இவ்வளவு முறைக்க முடியுமா என்ன?

"சாரி... கவனிக்கலை."

"பரவாயில்லை." பஞ்சை எடுத்துத் தண்ணீரை ஒற்றினான். "ரிப்பேருக்கு வந்தீங்களா, ரிப்பேர் ஆக்க வந்தீங்களா?"

"மழைக்கு நின்னேன். கூடாதுன்னா சொல்லுங்க, நனைஞ்சுட்டே போறேன்."

"தாராளமா போங்க. உங்க போன் நனைஞ்சா நாளைக்கு எங்கிட்டதான வரணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த பிறகுதான் உறைத்தது, சிரித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று. அவன் பூதக்கண்ணாடியைக் கழற்றினான். இரண்டு கண்களும் தெரிந்தன. தூக்கம் இல்லாத கண்கள்... ஓரத்தில் சிவந்து, நடுவில் ஆழமாக, ஏதோ ஒன்றை வெகுநேரமாகத் தேடிக்கொண்டிருப்பவை போல.

வெளியே மழை வலுத்தது. அவள் முகம் மாறியதை அவன் கவனித்தான். மழையைப் பார்த்து முகம் வெளுக்கும் ஆட்கள் அந்த ஊரில் இப்போது நிறையப் பேர். அவன் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை மட்டும் அவள் பக்கம் தள்ளினான்.

மறுவாரம் அவள் சார்ஜரை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த வாரம் அக்காவின் பழைய போனை. அதற்கும் அடுத்து ஒரு ஹெட்போன்.

"இதுல ஒரு கோளாறும் இல்லையே."

"நல்லா பாருங்க."

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். ஹெட்போன் நல்லா இருக்கு. கொண்டு வந்தவங்களுக்குத்தான் ஏதோ..."

"எனக்கென்ன?"

"அதைத்தான் நானும் கண்டுபிடிக்கப் பார்க்கறேன்... சனிக்கிழமை வாங்க, சொல்றேன்."

காது மடல் சூடாகிப் போனது அவளுக்கு. இருபத்தொன்பது வயதில் இப்படியா?

ஆனால் "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று அவன் கேட்டபோது, "ஒரு ஆபீஸ்ல... டைப் பண்ற வேலை" என்றாள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கடைக்கு வருமுன் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள். அந்த அலுவலகத்தின் பேரைச் சொன்னால் ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவள் வேலை பார்த்தது வெள்ள எச்சரிக்கை நிலையத்தில். ஒரு அறிவிப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கோப்பது அவள் வேலை. எந்த இடம், எத்தனை மணிக்குள், என்ன செய்ய வேண்டும், வரைபடம், குரல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. அவள் ஒருமுறை கட்டங்களை நிரப்பிவிட்டால் போதும். பெரிய போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். பட்டன் போன் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். சாலையோரப் பலகைக்குப் பத்து வார்த்தை. ஒலிபெருக்கி வண்டிக்கு எழுத்தை இயந்திரமே வாசித்துக் குரலாக்கிக் கொடுக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பகல்... மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். பதினோரு தெருக்களைக் காலி செய்ய வேண்டும். வரைபடத்தில் பதினோரு பெயர்களும் சிவப்பு மையில் தயாராக இருந்தன. மேலாளர் பின்னால் நின்றுகொண்டு "சீக்கிரம்மா, சீக்கிரம்" என்று மேசையைத் தட்டினார். இடம் என்ற கட்டத்தில் பதினோரு பெயர்களையும் திரும்பத் தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அவள் அந்தக் கட்டத்தில் 'படத்தில் காட்டியபடி' என்று அடித்து அனுப்பிவிட்டாள்.

ஏழு பேர் வெள்ளத்தில் இறந்துபோனார்கள்.

மறுநாள் அவள் தனியாக உட்கார்ந்து, அனுப்பியது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒலிபெருக்கி வண்டி தெருத் தெருவாகப் போய், "படத்தில் காட்டியபடி... படத்தில் காட்டியபடி..." என்று கத்தியிருந்தது.

யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. பதினோரு தெருப் பெயரோடும் எச்சரிக்கை அனுப்பினோம், மக்கள்தான் கேட்கவில்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. அறிக்கையோடு வரைபடத்தையும் இணைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை மாலை அவள் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. அவன் வழக்கமான கிண்டல் எதுவும் பேசவில்லை. மேசைமேல் ஒரு சாம்பல் நிறப் பட்டன் போன் இருந்தது. விளிம்புகளில் சேறு காய்ந்த தடம்.

"எங்கம்மாவோடது" என்றான். "மூணு மாசமா காயவெச்சு, சுத்தம் பண்ணி, பார்ட்ஸ் மாத்தி... இன்னைக்குத்தான் உயிர் வந்துச்சு."

அவனுடைய அம்மா இறந்துவிட்டார் என்று தெரியும். எப்படி என்று அவன் சொன்னதில்லை... அவளும் கேட்டதில்லை. கேட்கப் பயந்தாள் என்பதுதான் உண்மை.

"படிச்சுப் பாருங்க. கடைசியா வந்த மெசேஜ்."

படித்தாள். படிக்கத் தேவையே இருக்கவில்லை.

'ஆற்றில் நீர்வரத்து அபாய அளவில் உள்ளது. படத்தில் காட்டியபடி உள்ள தெருக்களில் வசிப்போர் மாலை நான்கு மணிக்குள் வெளியேறவும்.' கீழே, படம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெற்றுச் சதுரம். நேரம், பகல் இரண்டு பத்து.

"அம்மாவுக்கு முட்டி வலி. நாலு படி ஏறவே நின்னு நின்னுதான் ஏறுவாங்க. ஆனா ரெண்டு மணி நேரம் இருந்துச்சுங்க. தெருப் பேர் மட்டும் இருந்திருந்தா..." பிறகு மெல்லச் சொன்னான். "இதை எழுதினவன் மூஞ்சியை ஒரே ஒரு தடவை பார்க்கணும். அடிக்க இல்ல... சும்மா பார்க்கணும்."

இதோ பார், இதுதான் அந்த மூஞ்சி... சொல்லிவிடு... போனை மேசையில் வைத்தாள். "நேரமாச்சு" என்றாள். குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி நடந்தாள். அவன் பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

அதன் பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. அவன் மூன்று முறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை.

அவன் அந்தப் பட்டன் போனை மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டான். எச்சரிக்கை உண்மையில் எப்படி வந்து சேர்ந்தது என்று முதன்முறையாக எல்லோரும் பார்த்தார்கள். விசாரணை வைத்தார்கள்.

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "கருவிகளின் குறைபாடுன்னு ஒரு வரி சொல்லிடு. பழைய போன்ல படம் வராது, அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்? உன் மேலயும் வராது, என் மேலயும் வராது."

வீட்டில் அக்கா அதையே வேறு மாதிரி சொன்னாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கியவள். "நீ ஒத்துக்கிட்டா செத்தவங்க எழுந்து வரப்போறாங்களா? வாயை மூடிட்டு இரு. ஊர் உன்னை நடமாட விடாது."

"அந்தப் போன் யாரோடதுன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

"யாரோடது?"

அவள் சொன்னாள். பூதக்கண்ணாடி, ஹெட்போன், சனிக்கிழமை எல்லாவற்றையும். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்போ நிச்சயமா சொல்லாத" என்றாள்.

விசாரணை நகர மண்டபத்தில் காலை பத்து மணிக்குத் தொடங்கியது. இறந்தவர்களின் குடும்பங்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் மூன்றாவது நாற்காலியில் இருந்தான். அவள் உள்ளே வந்ததும் அவன் கண்கள் நிமிர்ந்தன... ஒரு கணம் பளிச்சென்று மலர்ந்தன. எனக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அடுத்த கணம் அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தான். அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போனதை அவள் நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

"கருவிகளின் குறைபாடு" என்றார் மேலாளர். அவளிடமும் கேட்டார்கள்.

"கருவி மேல தப்பில்லைங்க" என்றாள். "தெருப் பேர் போட வேண்டிய கட்டத்துல நான்தான் போடலை. படத்துல இருக்கேன்னு விட்டுட்டேன். பட்டன் போனுக்குப் படம் போகாதுன்னு எனக்குத் தெரியும். அவசரத்துல அது ஞாபகத்துக்கு வரலை. அதை எழுதினது நான்."

முன்வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அவன் எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டு வெளியே போனான்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முன் ஒரு வேலை கொடுத்தார்கள். இனி இப்படி நடக்காதபடி கட்டங்களை மாற்றி அமைத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். இரவு பகலாக வீட்டிலேயே உட்கார்ந்து செய்தாள். படம் இல்லாவிட்டாலும் எழுத்து தனியாக நிற்க வேண்டும். குரல் மட்டும் கேட்பவனுக்கும் முழு விஷயம் போய்ச் சேர வேண்டும். இடம் என்ற கட்டத்தில் தெருப் பெயர் இல்லாவிட்டால் அறிவிப்பு வெளியே போகவே கூடாது. சோதித்துப் பார்க்கத்தான் வழியில்லை. நிலையத்தில் இருந்த போன்கள் எல்லாமே புதியவை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. அக்கா கதவைத் திறந்து, யாரென்று பார்த்து, ஒதுங்கி நின்றாள்.

அவன் ஓர் அட்டைப்பெட்டியோடு நின்றான். மெலிந்திருந்தான். "பழைய போன் வேணும்னு மாவட்ட ஆபீஸ்ல கேட்டாங்க. கொண்டு வந்தேன்."

"யார்கிட்டயாவது குடுத்து அனுப்பியிருக்கலாமே..."

"அனுப்பியிருக்கலாம்" என்றான். உள்ளே வந்தான்.

கூடத்துத் தரையில் இருபத்துமூன்று போன்களை வரிசையாக வைத்தார்கள். அவள் கணினியில் மாதிரி அறிவிப்பை அனுப்பினாள். தரை முழுக்கப் போன்கள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. அவன் ஒவ்வொரு போனாக எடுத்து உரக்க வாசித்தான். பதினேழாவது போனில் ஏழாவது தெருவோடு செய்தி அறுந்துவிட்டது.

"நாலு தெரு காணோம்" என்றான்.

அவள் மாற்றினாள். நீர்வரத்து, அபாய அளவு எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளினாள். தெருப் பெயர்களை முதலில் வைத்தாள், பிறகு நேரம். மீண்டும் அனுப்பினாள். மீண்டும் வாசித்தான். பதினொன்றும் வந்தன. எட்டாவதாக வந்தது அவன் அம்மாவின் தெரு. அதை வாசிக்கும்போது அவன் குரல் இறங்கியது... ஆனாலும் வாசித்தான்.

பிறகு போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்கு அம்மா எனக்கு போன் பண்ணினாங்க. ரெண்டே காலுக்கு."

அவள் நிமிர்ந்தாள்.

"ஏதோ மெசேஜ் வந்திருக்குப்பா, படம்னு போட்டிருக்கு, ஒண்ணும் தெரியலையேன்னாங்க. ஆத்தோரம் இருந்த போனுக்கு மட்டும்தான் அது வந்திருக்கு, என் போனுக்கு வரலை. கடையில கூட்டம் வேற... ஏதாவது விளம்பரமா இருக்கும், அழிச்சுடும்மான்னு சொன்னேன்." கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவங்களுக்கு அழிக்கத் தெரியாது. அதான் இருந்துச்சு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எழுதினவன் மூஞ்சியைப் பார்க்கணும்னேன்ல... என் மூஞ்சியைப் பார்க்க முடியாமத்தான் அப்படித் தேடினேன்."

"அந்த மெசேஜைக் கேட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள் அவள். "தப்பு என்னோடது."

"தப்பைப் பங்கு போட நான் வரலை." அவன் அவளைப் பார்த்தான். அதே சிவந்த கண்கள்... இப்போது எதையும் தேடவில்லை. "மன்னிச்சுட்டேன்னு சொல்லவும் வரலை. இன்னும் என்னால முடியலை. முடியுமான்னும் தெரியலை. ஆனா அந்த மண்டபத்துல நீங்க ஒருத்தர்தான் 'நான்தான்'னு சொன்னீங்க. நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை. சொல்லணும்னு நினைச்சா உங்க முகம்தான் வருது. கோபம் வந்தாலும் அதே முகம்தான் வருது. இதுக்குப் பேர் என்னன்னு எனக்குத் தெரியும்..."

அவள் கண்களில் நிறைந்தது வழிந்தது. துடைக்கவில்லை.

"எனக்கும் தெரியும்" என்றாள். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்ற தகுதி எனக்கு இல்லைன்னு நினைச்சுத்தான் வராம இருந்தேன்."

"வராம இருந்ததுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அவன் போன்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினான். அடுக்கியபடியே தலை நிமிராமல் சொன்னான்.

"அம்மா வீட்டை நான் இன்னும் திறக்கலை. சேறு அப்படியே காஞ்சு கிடக்கும். ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். தனியா முடியலை... நீங்க வரீங்களா?"

அந்த வீடு... அந்தச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கும். அதை அவள் பார்க்க வேண்டியிருக்கும்.

"எப்போ?"

"இப்பவே. வெளிச்சம் இருக்கறப்போ."

"வரேன்" என்றாள்.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அக்கா ஏற்கெனவே வாளியையும் துடைப்பத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.