ஐந்தாம் படியில் தோங்கின் ஷூ

இப்போதெல்லாம் ஆற்றுக்கு வருகிறவர்கள் ஆற்றையா பார்க்கிறார்கள்? அதற்கு முதுகைக் காட்டி நின்று போனில் தங்கள் மூஞ்சியைப் பார்க்கிறார்கள். படியெல்லாம் சூரியகாந்தி விதைத்தோலைத் துப்பிவிட்டுப் போகிறார்கள். அடுத்தவன் பொருளைத் தொடக் கூடாது என்கிற புத்தி ஒருவருக்கும் கிடையாது. ஐந்தாம் படியில் தோங்கின் துணி ஷூ நனைந்திருப்பதைக் கண்டதும் லுவோவுக்கு அந்த ஆட்கள் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது.

மழை இல்லை. குளிர்காலத்து ஹான் ஆறு வற்றி, ஐந்து படிக்குக் கீழே கிடந்தது. படிகளில் தூசிகூடக் கலையவில்லை. ஷூவுக்குள் மட்டும் தண்ணீர். லுவோ விரலை விட்டுப் பார்த்தார். அடியில் வழவழவென்று சேறு. ஆற்றின் அடிமடியில் கிடக்கும் சேற்றின் வாடை.

சீனாவின் ஹான்கோவ் கரையில் குளிர்கால நீச்சல்காரர்களுக்குச் சில வழக்கங்கள் உண்டு. கழற்றி வைக்கும் ஷூவின் மூக்கு கரையைப் பார்க்க வேண்டும். ஒருவன் ஷூவை இன்னொருவன் எடுக்கக் கூடாது. படியில் ஷூ இருந்தால் ஆள் தண்ணீரில் இருக்கிறான் என்று அர்த்தம், அவன் ஏறி வரும்வரை அதை அசைக்கக் கூடாது.

அந்தக் கடைசி வழக்கத்தைத்தான் லுவோ நாற்பத்தொன்பது நாளாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நீந்தப் போன தோங் இடுப்பில் கட்டியிருந்த ஆரஞ்சு மிதவை எதிர்க்கரையில் கிடைத்தது. தோங் கிடைக்கவில்லை. அன்று உடம்பு சரியில்லை என்று தயங்கியவனை, "போ, பொண்டாட்டி மடியில படுத்துக் கஞ்சி குடி" என்று சீண்டித் தண்ணீரில் இறக்கியவர் லுவோ. உடல் வராதவரை சாவும் இல்லை. அப்படி நினைத்தால்தான் அவரால் தூங்க முடிந்தது.

தோங்கின் மனைவி மின்ஹூய் இரும்புச் சட்டியும், செத்தவர்களுக்காக எரிக்கும் மஞ்சள் காகிதக் கட்டுமாக வந்து நின்றாள்.

"அண்ணே, ஷூவக் குடுத்துடுங்க. இன்னியோட ஏழு வாரம். எரிச்சாத்தான் அவர் போவாரு."

"போறதுக்கு அவன் செத்தான்னு யாரு பாத்தா?"

"தண்ணியில போனவங்களுக்கு மாத்தா ஒரு ஆள் வேணும்ணே. வேற ஒருத்தர் ஷூவ மாட்டிக்கிட்டுக் கரையேறிடுவாங்க. ஷூக்காரன் உள்ள கெடப்பான்."

"சுத்தப் பேத்தல்."

பக்கத்தில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்த பான் சிரித்தான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற தடியன். "லுவோ ஷூவையா? இடது அடி பிஞ்சு, நடந்தா கைதட்டுற மாதிரி 'டப் டப்'புனு கேக்குது. அத மாட்டிக்கப் பேய்க்கே வெக்கமா இருக்கும் தங்கச்சி."

மின்ஹூய் சிரிக்கவில்லை. அவள் முகம் மெலிந்திருந்ததை லுவோ அன்றுதான் கவனித்தார்.

"நான் போயிட்டு வரேன்," என்றார். "நடு ஆத்துல ஒண்ணும் இல்லன்னு நானே பாத்துட்டு வந்து, என் கையால ஷூவத் தரேன். எரிச்சுக்க."

"பனி கண்ணக் கட்டுது, வேணாண்ணே."

"பனிக்கா பயப்படச் சொல்ற?"

பான் நூடுல்ஸ் வாங்கப் போனான். மின்ஹூய் சட்டியோடு மேல்படி ஏறினாள். லுவோ தன் ஷூவைத் தோங்கின் ஷூவுக்குப் பக்கத்தில், மூக்கைக் கரைப் பக்கமாக வைத்துவிட்டு, மிதவைக் கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினார்.

தண்ணீர் வழக்கம்போல முதலில் கத்தியாய் அறுத்து, பிறகு ஊசியாய்க் குத்தி, பிறகு தோலை மரத்துப்போக வைத்தது. கரைப் பூங்காவில் பெண்கள் ஆடும் பாட்டுச் சத்தம் மூடுபனிக்குள் பஞ்சில் சுற்றியதுபோல மழுங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தன் மூச்சும் கை விழும் சத்தமும் தவிர உலகத்தில் ஒன்றுமே இல்லை என்று ஆனபோது, இடப்பக்கமாக யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது.

மூன்று கை வீச்சு. ஒரு சிந்தல். மூன்று கை வீச்சு. ஒரு சிந்தல்.

முப்பது வருஷம் பக்கத்தில் கேட்ட சத்தம். தோங் அப்படித்தான் நீந்துவான்.

"யாருய்யா அது?"

சத்தம் நின்றது. மிதவை கனத்தது. கயிறு இடுப்பை அறுத்தது. திரும்பிப் பார்த்தார். ஆரஞ்சு மிதவை பாதி அமிழ்ந்திருந்தது, யாரோ கை ஊன்றிக்கொண்டதுபோல.

மிதவையின் மேல் ஒன்றும் இல்லை.

"பயந்துடுவேன்னு பாத்தியா?" லுவோ கத்தினார். வாயில் தண்ணீர் புகுந்தது. "வாடா! வந்து பாரு!"

உதைத்தார். கயிறு இழுத்தது. உதைத்தார். பச்சை இருட்டு. சேற்று வாடை. மறுபடி உதைத்தார்.

சட்டென்று கயிறு தளர்ந்தது. குளிரும் விட்டுப் போயிருந்தது.

கரை வந்தது. ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

அவருடைய ஷூ இல்லை.

தோங்கின் ஷூ மட்டும் இருந்தது. விளிம்புவரை தண்ணீர் நிரம்பி. மூக்கு ஆற்றைப் பார்த்து.

மேலே, மூடுபனிக்குள், யாரோ படியேறிக்கொண்டிருந்தார்கள். டப். டப். டப்.

"வந்துட்டீங்களாண்ணே?" மின்ஹூயின் குரல். "ஷூவக் கொண்டாந்தீங்களா?"

டப். டப். நின்றது.

பிறகு அவள் சிரித்தாள். ஏழு வாரமாக யாரும் கேட்காத சிரிப்பு. புருஷனைப் பார்த்தால் மட்டும் வரும் சிரிப்பு.

"இத்தன நாளா எங்க போனீங்க?"

"மின்ஹூய்!" லுவோ கத்தினார். "யாரு கூடப் பேசற? நான் இங்க இருக்கேன்!"

டப், டப் என்ற சத்தம் அவளோடு சேர்ந்து தெருப்பக்கம் நகர்ந்தது.

காலடியில் தோங்கின் ஷூ காத்திருந்தது. தண்ணீர் லேசாகத் தளும்பியது.

"போட மாட்டேன்," என்றார் லுவோ. "செத்தாலும் போட மாட்டேன்."

எவனோ திருட்டுப்பயல் ஷூவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். காலம் அப்படி. அவளுக்குத் துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது. அவ்வளவுதான். வெறுங்காலோடு, உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, வீராப்பாகப் படியேறினார். மேல்படியில் ஒருமுறை மட்டும் கீழே பார்த்தார். ஏறி வந்த வழியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தூசியில் ஒரு வெறுங்கால் சுவடு இல்லை.

"காஞ்சு போச்சு," என்றார் சத்தமாக.

மூடுபனியில் ஈரம் காயாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.