நீலத்தில் மூன்று புள்ளிகள்

தம்பியின் உடல் ஹாலில் கிடந்தது.

அக்கா சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

"ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே..." என்றது ஒரு மூலை.

"கல்லு!" என்றது இன்னொரு மூலை.

அழுகை வரவில்லை. வராததற்கு அவள் என்ன செய்வாள்? பழைய ஓவியங்களை மதிப்பிடுவது அவள் தொழில். 'புதன்கிழமை காலைல வாக்கா. ஒரிஜினலா காப்பியா, நீ சொன்னாத்தான் நம்புவேன்' என்று போனில் சொன்னான் தம்பி. புதன்கிழமை காலை. அவள் வந்துவிட்டாள். அவன்தான் நேற்று மாலையே குளியலறையில் வழுக்கி விழுந்து கிளம்பிவிட்டான்... என்றார்கள்.

"ஆக்சிடென்ட்தாம்மா. கையெழுத்துப் போட்டீங்கன்னா எடுத்துடலாம்," பேப்பரை நீட்டினார் இன்ஸ்பெக்டர்.

"பத்து நிமிஷம் சார். அவன் கேட்டதை முடிச்சுடறேன்."

"இப்பவா அண்ணி?" தம்பி மனைவி விசும்பினாள்.

"வேற என்ன பண்றதுன்னு தெரியலம்மா."

படத்தில் ஒரு தாய், மடியில் குழந்தை, நீல அங்கி.

"ஐநூறு வருஷம்! இத்தாலிய மாஸ்டரோட சொந்தக் கை!" தொண்டையைச் செருமினார் புரொஃபசர். அந்த வீட்டுப் படங்களைப் பழுது பார்ப்பவர். எந்தக் காலேஜில் புரொஃபசர் என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் கிடைத்ததில்லை.

அவள் படத்தை இறக்கி முதுகைப் பார்த்தாள்.

"ஆணி மெஷின்ல செஞ்சது. நூத்தைம்பது வருஷம் தேறும். நல்ல காப்பி."

"காப்பியா?! இதைப் பத்திப் புத்தகமே எழுதியிருக்கேன் மேடம்! அடுத்த வாரம் வெளியீடு!"

"அச்சாயிடுச்சா? த்சொ..."

திரையை இழுத்து ஹாலை இருட்டாக்கினாள். புற ஊதா டார்ச்சை அடித்தாள். பழைய வார்னிஷ் பச்சையாக மினுங்கியது.

நீல அங்கியில் மட்டும்... மூன்று கறுப்புப் புள்ளிகள்!

பிற்பாடு பூசிய பெயின்ட்!

பஞ்சால் ஒற்றினாள். நீலம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரம்! நேற்றுப் பூசியது.

அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

"யாரோ கத்துக்குட்டி அப்பியிருக்கான். கலரே சேரல."

"சேரலையா?!" புரொஃபசர் குதித்தார். "மூணு மணி நேரம் கலந்தேன் மேடம்! நாப்பது வருஷ அனுபவம்! எங்க சேரல, காட்டுங்க..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"எதுக்கு சார் கலந்தீங்க?" இன்ஸ்பெக்டர் மெல்லப் பேப்பரை மடித்தார்.

அவள் மிச்ச நீலத்தையும் துடைத்தாள். அடியில்... காய்ந்த பழுப்புச் சொட்டுகள்.

ரத்தம்!

தம்பி மனைவி வீறிட்டாள்.

அப்போதே ஈரத் துணியால் துடைத்திருந்தால் தடயமே இருந்திருக்காது. ஆனால் அவருக்குத் துடைக்க எங்கே தெரியும்? பூசத்தான் தெரியும்.

"அக்காவைக் கூப்பிடாதேன்னு கெஞ்சினேன்..." புரொஃபசர் சரிந்து உட்கார்ந்தார். "காப்பின்னு அவங்க சொல்லிட்டா என் பேர் என்னாகும்? பித்தளை ஸ்டாண்டால... ஒரே அடி... இந்தப் படத்துக்கு முன்னாலயேதான். அப்புறம் பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போனேன்."

கையில் விலங்கு விழுந்தது. அப்போதும் அடங்கவில்லை. வாசலில் திரும்பி நின்று கத்தினார்.

"என்ன வேணா பண்ணுங்க! அது ஒரிஜினல்! ஒத்துக்குங்க மேடம்!"

அவள் டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"ஒத்துக்கறேன் சார். அந்த மூணு சொட்டு மட்டும்!"