சாம்பல் நிறக் காரின் வாடை

கார் ஏசி மெக்கானிக்கை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவைத் திறந்ததுமே செத்த எலியா, கொட்டிய பாலா, தண்ணீர்க் குழாய் அடைப்பா என்று வாடையை வைத்தே சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் கண்ணாடிகளை ஏற்றி, புளோயரை முழு வேகத்தில் வைத்து, காற்று வரும் துளையில் மூக்கை ஒட்டி நெஞ்சு நிறைய ஒரே இழுப்பு இழுப்பார். அதற்குப் பிறகுதான் சாவியைக் கொடுப்பார். அந்த இழுப்பில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த மகளுக்கு இப்போது மூன்று மாதம். குறைமாதக் குழந்தை, நுரையீரலுக்கு இன்னும் பலம் வரவில்லை என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "குளிக்காம பிள்ளையத் தொட்டீங்க, அப்புறம் தெரியும் சேதி" என்பது மனைவியின் கட்டளை. ஒர்க்‌ஷாப்பில் எகிறிக் குதிக்கிறவர் வீட்டில் பெட்டிப்பாம்பு.

அன்று காலை தூறலில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. ஓட்டி வந்தவர் தொப்பலாக நனைந்திருந்தார்.

"ஏசி போட்டா லேசா பூஞ்சை வாடை மாஸ்டர். மழைத்தண்ணி எங்கேயோ இறங்கியிருக்கும்."

"லேசான வாடைக்கா சார் இந்தக் குளியல்?"

அவர் சாவியை நீட்டிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

மூக்கர் ஏசியைப் போட்டார். முதலில் காயாத துணியின் வாடை. அது பழகியதுதான். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. பல நாள் கழுவாத கிழட்டு வாயின் நாற்றம், மருந்தும் கோழையும் ஊறிப்போனது. அவரே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

டாஷ்போர்டைக் கழற்றி ஃபில்டரை உருவினார். தூசியும் சருகும் இருக்க வேண்டிய இடத்தில் முடி இருந்தது. நரைமுடி. பிடித்து இழுத்தார். கைநீளத்துக்கு வந்தது, இன்னும் வந்தது, வழவழவென்று விரலில் சுற்றிக்கொண்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

ச்சீ என்று உதறினார். காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலின் மேல் முழுக்க நுரை மருந்தை அடித்தார். காருக்கு அடியில் பழுப்பாக, கட்டிகட்டியாக ஒழுகியது. காறித் துப்பியதைப் போல் தரையில் ஒட்டிக்கொண்டது. தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி, புது ஃபில்டர் மாட்டினார். இனி சோதனைதான் பாக்கி.

கண்ணாடிகளை ஏற்றினார். புளோயரைத் திருகினார். மூக்கைத் துளையில் ஒட்டினார்.

காற்று வரவில்லை.

அவர் மீசை முடிகள் துளையை நோக்கிச் சாய்ந்தன. உள்ளே எதுவோ இழுத்துக்கொண்டிருந்தது.

புளோயரை அணைத்தார். இழுப்பு நிற்கவில்லை. அவர் நெஞ்சில் இருந்த காற்றெல்லாம் போனது. தவித்துப்போய் வாயைத் திறந்து பெரிதாக மூச்சு வாங்கினார்.

அதே நொடியில் அது ஊதியது. சூடாக, ஈரமாக, நேரே அவர் தொண்டைக்குள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தார். கார்க்காரர் ஓடிவந்து உள்ளே தலையை விட்டு முகர்ந்தார். அவர் கண் கலங்கியது.

"போயிடுச்சு மாஸ்டர். சுத்தமா போயிடுச்சு."

"சார், உண்மையச் சொல்லுங்க. உள்ள யாரு?"

"எங்கப்பா. சண்டை போட்டுட்டு, நடக்க முடியாதவர, கண்ணாடிய ஏத்திப் பூட்டிக் கார்லேயே விட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்தது மூணாம் நாள், மூச்சு நின்னு போயிருந்துச்சு." குரல் தாழ்ந்தது. "நாலு மெக்கானிக் பாத்தாங்க. யாரும் உங்கள மாதிரி மூக்க வச்சு இழுக்கல."

மூக்கர் வீட்டுக்குப் போய் மூன்று முறை குளித்தார். ஈறில் ரத்தம் வரும்வரை பல் தேய்த்தார். ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் அந்தக் கிழட்டு நாற்றம் அவர் வாயிலிருந்தே வந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மனைவி சட்டையை முகர்ந்து பார்த்தாள். "சோப்பு வாசனைதான். பிள்ளையக் கொஞ்சம் வச்சிருங்க, அடுப்புல பால் இருக்கு."

"வேணாம்மா, நான்..." என்பதற்குள் குழந்தை மடிக்கு வந்துவிட்டது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை அடக்கினார். குழந்தை அவர் மீசையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துச் சிரித்தது. எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? கண் இருண்டு வந்தது. ஒரே ஒரு முறை, மெதுவாக, விட்டார்.

குழந்தையின் முகம் சுருங்கியது. பிறகு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

அவர் வாயில் நாற்றம் இல்லை. சோப்பு வாசனை மட்டும் வந்தது.

"அய்யய்ய, என்னங்க இது, பிள்ளை வாயில முடி?" திரும்பி வந்த மனைவி இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள்.

நரைமுடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.