ஒரு சாண் குகை

எட்டு எண்ணி முடிப்பதற்குள் குகையைவிட்டு வெளியே வர வேண்டிய ரயில், அன்றைக்கு ஒன்பதுக்கு வந்தது.

"லேட்டு!" என்று முக்காலிமேல் நின்றிருந்த வாண்டு கைகொட்டிச் சிரித்தாள். ஆறு வயது. எண்ணுவது அவள் வேலை, குமிழைத் திருகி வண்டி விடுவது அப்பாவின் வேலை. இந்த ஏற்பாட்டில் வேறு யாரும் மூக்கை நுழைப்பது இருவருக்குமே பிடிக்காது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்களை மேலும் கீழும் ஓடவிட்டுவிட்டு, ஏழாம் நாள் வீட்டுப் பின்னறையில் கட்டில் அகலப் பலகைமேல் தன் பொம்மை ரயிலைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவான். இதற்கு வீட்டில் நல்ல பெயர் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன், கடையில் எஞ்சின் சக்கரம் பார்த்த ஜோரில், கூட வந்த மகளை அங்கேயே மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்த மகானுபாவன் அவன். ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் கிடைத்தாள். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவி அதற்குப் பிறகு குழந்தையை அவனிடம் தனியாக விட்டதே இல்லை. இன்றைக்குத்தான் வேறு வழியில்லாமல் விட்டுப்போயிருந்தாள்.

"ஆறு மணிக்கு வந்துடுவேன். அவமேல இருந்து கண்ணை எடுக்காதீங்க. இன்னொரு தடவைன்னா என்னால தாங்க முடியாதுங்க," என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது.

ரயில் தாமதமாக ஆயிரம் காரணம் இருக்கலாம். தண்டவாளத்தில் அழுக்கு படிந்தால் சக்கரத்துக்கு மின்சாரம் சரியாக ஏறாது, வண்டி திக்கித் திணறும். துணியில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தான். குகைக்குள் மட்டும் கை எட்டவில்லை. கம்பிவலைமேல் பசையில் தோய்த்த செய்தித்தாளை ஒட்டி, மேலே பிளாஸ்டர் மாவு பூசிக் கட்டிய மலை அது. உள்ளே கவிழும் வண்டியை எடுக்க அதன் முதுகில் ஒரு திறப்பு விட்டிருக்க வேண்டும். ஊரில் உள்ள லிஃப்டுக்கெல்லாம் அவசரக் கதவைச் சரிபார்க்கிறவன், தன் மலைக்கு ஒன்று வைக்க மறந்துவிட்டான். குகை வளைந்து போவதால் குனிந்து பார்த்தாலும் இருட்டுதான். குச்சியில் துணியைச் சுற்றி, முடிந்தமட்டும் உள்ளே விட்டுத் துழாவினான்.

அடுத்த சுற்றில் பதினொன்று. அதற்கடுத்து பதினாறு.

வண்டி உள்ளே போனதும் சுவரில் பட்டுக் கரகரக்க வேண்டிய சக்கரச் சத்தம், கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, எங்கோ நீண்ட பாலத்தில் போகிற பெரிய ரயிலின் சத்தமாக அடியிலிருந்து கேட்டு, அறவே அடங்கி, பிறகு மறுபக்கத்திலிருந்து தயங்கித் தயங்கித் திரும்பி வந்தது. வெளியே வந்த கடைசிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக, ஜில்லென்று இருந்தது. விரலை முகர்ந்தால் மழையில் ஊறிய இரும்பின் வாடை. ஜன்னலுக்கு வெளியே நாலு மணி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, நிறுத்திடலாமா?"

"ஏன், பயமா இருக்கா?"

"எனக்கு இல்ல. உனக்குத்தான்."

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோளாறு என்னவென்று தெரியாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருப்பது அவன் ரத்தத்திலேயே கிடையாது. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு," என்றான்.

வண்டி உள்ளே போனது. இருபது. நாற்பது. வாண்டு விடாமல் எண்ணினாள். நூறுக்கு மேல் எண்ணத் தெரியாது. நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வண்டி வரவில்லை. குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினான். தண்டவாளம் அதிர்ந்துகொண்டே இருந்தது. குகை வாயிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. பலகை ஓரத்துக் காகித மரங்கள் ஆடின.

எது பழுதானாலும் முதலில் மெயினை அணை. பதினைந்து வருடத் தொழில் புத்தி. மெயின் சுவிட்ச் நடைவழியில், அறைக் கதவுக்கு நேரெதிரே, பத்தடி தூரத்தில் இருந்தது.

"அங்கேயே நில்லு. எதையும் தொடாதே."

ஓடினான். சுவிட்சைத் தட்டினான். விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. வீடே மூச்சடங்கியது. எட்டு எண்ணும் நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பினான்.

முக்காலி காலி.

பலகைக்கு அடியில் பார்த்தான். கதவுக்குப் பின்னால். அலமாரிக்குள். "வாண்டு, விளையாடாதே." ஜன்னலில் கம்பி. அறைக்கு ஒரே கதவு. அவனைத் தாண்டி யாரும் போகவில்லை.

"அப்பா."

குரல் குகைக்குள்ளிருந்து வந்தது. ஒரு முஷ்டி நுழைந்தாலே அதிகம், அந்த வாயில்.

"அப்பா, இங்க ரொம்பப் பெருசா இருக்கு. வண்டி போயிட்டே இருக்கு."

"நில்லும்மா. நகராதே. அப்பா வரேன்."

"இங்க ஒருத்தங்க கையைப் பிடிச்சுக்கச் சொல்றாங்க."

சுத்தியல் எப்போது கைக்கு வந்தது என்று தெரியாது. அடித்தான். மாவு தெறித்தது. கம்பிவலை விரலைக் கிழித்தது. பிய்த்தான். மறுபடி அடித்தான். மலை பிளந்து விழுந்தது.

உள்ளே இரண்டரை அடித் தண்டவாளம். செய்தித்தாள். தூசி. ரயில் இல்லை. மகள் இல்லை. குரலும் இல்லை.

அவள் திரும்பி வருவதற்கு இருந்த ஒரே வழியைத் தன் கையாலேயே இடித்துப் போட்டுவிட்டான்.

டப்பாவில் மீதி மாவு இருந்தது. தண்ணீர் ஊற்றிக் குழைத்தான். உடைந்த துண்டுகளைத் தண்டவாளத்தின்மேல் நிறுத்தி, ஈர மாவால் ஒட்டினான். சரிந்தது. திரும்பவும் ஒட்டினான். பாதிக்குமேல் தூளாகிவிட்டதால் ஒரு சாண் நீளத்துக்குத்தான் கட்ட வந்தது. இந்தப் பக்கம் ஒரு வாய். அந்தப் பக்கம் ஒரு வாய். காதை வைத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. "வந்துடு கண்ணு. அப்பா இனிமே உன்னை விட்டு எங்கேயும் போக மாட்டேன்," என்று அந்த ஓட்டைக்குள் அழுதான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

வாசற்கதவு திறந்தது.

"என்னங்க, கரண்ட் இல்லையா? பாப்பா எங்க?"

அவள் அறை வாசலில் வந்து நின்றாள். இடிந்த மலையைப் பார்த்தாள். அவன் கையில் ரத்தத்தைப் பார்த்தாள்.

"பாப்பா எங்கன்னு கேட்டேன்."

"அம்மா," என்றது குகை.

அவள் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. பாய்ந்து வந்து மண்டியிட்டாள். உள்ளே கையை விட்டாள். மணிக்கட்டு. முழங்கை. அவன் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

"வேண்டாம்!"

"விடுங்க! தொட்டுட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டா." அழுதுகொண்டே சிரித்தாள்.

அவன் மறுபக்கத்தைப் பார்த்தான். அந்த வாயில் அவள் விரல்கள் வெளிவரவில்லை. வெறும் தண்டவாளம்.

அவள் சிரிப்பு நின்றது.

"என்னங்க," என்றாள், மெதுவாக. "பாப்பா கை இவ்வளவு பெருசா இருக்காதே."

அவள் தோள் உள்ளே போனது.