வாசலில் நிற்பவள்

சுல்பிகா மருத்துவமாதாக வந்து இறங்கியபோது பிரசவ வாட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். சுற்றிலும் வயல். நடுவில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வாட்டு அது. இனி இந்தப் பக்கத்துப் பெண்கள் வலியோடு கல்முனைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடத் தேவையில்லை என்று சொல்லித்தான் திறந்தார்கள்.

ஆனால் ஒருத்தியும் வரவில்லை.

கடைக்குப் போனால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் காலடியில் காறித் துப்பினாள்.

"வயித்துப் புள்ளக்காரிய மழைக்குள்ள வாசல்ல வெச்சித் துரத்திப்போட்டு, கருவாடு வாங்க வந்திட்டியா?"

சுல்பிகாவுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. அவள் யாரையும் துரத்தவில்லை. அந்த வாட்டில் அவளை விட்டால் வேறு தாதி மிஸ்ஸியும் இல்லை.

காவலாளி கதிர்காமத்தம்பியைக் கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"முந்தி வயித்துப் புள்ளக்காரி ஒருத்திய வாசல்லயே திருப்பி அனுப்பினவங்க, மிஸ்ஸி. டொக்டர் இல்ல, கல்முனைக்குப் போ எண்டு. பாவம், வாய்க்கால் கட்டத் தாண்டல்ல. வயித்துல கிடந்ததும் அவளோட போயிற்று. அதோடதான் வாட்டப் பூட்டினது."



மாரி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். பின்னேரம் அஸர் தொழுது எழும்பியபோதே வானம் இருண்டு கிடந்தது. நனைந்த வைக்கோலின் வாசம். அதற்கு அடியில் இன்னொன்று, பழைய இரத்தத்தின் வாடை. கத்திக்கொண்டிருந்த தவளைகள் சட்டென்று அடங்கின.

வாசலில் யாரோ கதைத்தார்கள்.

"டொக்டர் இல்ல. கல்முனைக்குப் போ."



அது சுல்பிகாவுடைய குரல்.

மழைக்குள் ஓடினாள். வாசலில் ஓர் ஓட்டோ. ஓட்டி வந்த றிபாஸ் அதைத் திருப்பிக்கொண்டிருந்தான். பின்னால் நிறைமாதமான அவன் மனைவி பஸ்மினா, கம்பியைப் பிடித்தபடி முனகினாள். ஓட்டோவுக்கு முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒருத்தி நின்றாள். அவள் கால் வழியே ஒழுகிய தண்ணீர் கறுத்திருந்தது.

"திருப்பாதீங்க! நான்தான் மிஸ்ஸி! புள்ளைய உள்ளுக்குக் கொண்டு வாங்க!"

வெள்ளைச் சீருடை மெல்லத் திரும்பியது. முகம் சுல்பிகாவின் முகம். கண்கள் மட்டும் வேறு யாருடையவோ.

"எனக்கு இல்லாத கட்டில்," அது முணுமுணுத்தது, "இவளுக்கு என்னத்துக்கு?"

சுல்பிகா பஸ்மினாவின் கையைப் பற்றினாள். அவளுடைய மற்றக் கையை ஐஸ் போன்ற விரல்கள் வளைத்து இறுக்கின. எலும்பு நொறுங்குவது போல வலித்தது.

"பிஸ்மில்லாஹ்," என்றாள். "உனக்குச் செஞ்சது அநியாயம்தான். அதுக்காக இவட கைய நான் விடமாட்டன்."

பிடி தளரவில்லை. அவளேதான் பல்லைக் கடித்து, தோல் கிழியக் கையை உருவிக்கொண்டு, பஸ்மினாவை உள்ளே கூட்டிப்போனாள்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது பிள்ளை பிறந்துவிட்டது. பெண். தாய்க்கும் ஒரு குறையுமில்லை. றிபாஸ் அழுதுகொண்டே சிரித்தான். சுல்பிகாவின் நம்பரை வாங்கிக்கொண்டு, உம்மாவைக் கூட்டிவர ஓட்டோவில் போனான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மிஸ்ஸி..." றிபாஸ் கிசுகிசுத்தான். "நீங்க வாட்டுலயா இரிக்கிறீங்க?"

"ஓம். ஏன்?"

"அப்ப... என்ட ஓட்டோக்குப் பின்னுக்கு, மடியில புள்ளையோட, உங்களப் போலவே இரிக்கிறது ஆரு?"

சுல்பிகா திரும்பிப் பார்த்தாள். பஸ்மினாவின் பக்கத்தில் குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

போனுக்குள் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.