ஈர வைக்கோல் வாசம்

துவைத்து, மொட்டை மாடி வெயிலில் மொடமொடவென்று காயவைத்த தலையணை உறைதான். ஆனாலும் பொழுது சாயச் சாய அதிலிருந்து ஈர வைக்கோல் வாசம் கிளம்பியது. நகரத்துக்குள் இருக்கும் சைனிக்புரி வீட்டில் வைக்கோலுக்கு ஏது வழி? காஞ்சனாவுக்குத் தெரியும், அது கணவன் இளங்கோவனின் வியர்வை வாசம். அவன் போய் ஐந்து மாதமாகிறது.

மாட்டிடமிருந்து பால் வழியாக மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா கிருமியோடுதான் ஆய்வகத்தில் அவன் வேலை. நன்றாகக் காய்ச்சாத பாலை வீட்டில் யாரையும் தொட விடமாட்டான். தன்னைத் தின்ன வரும் ரத்த வெள்ளையணுவுக்குள்ளேயே புகுந்து, மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் குடித்தனம் நடத்தும் கள்ளக் கிருமி அது. அந்தச் சாமர்த்தியத்தைத் தரும் மரபணுக்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கிருமி வளர்ந்த தட்டைத் திறந்து மோந்து பார்ப்பது பழைய ஆய்வகக்காரர்களின் கெட்ட பழக்கம். அது அவனையும் விடவில்லை. "பல்லைப் பிடுங்கினதுதான் காஞ்சனா, கடிக்காது" என்று வீட்டுக்கு வந்து சிரித்தான். அன்று அவன் மோந்தது வெட்டாத கிருமி இருந்த தட்டை.

அதன்பின் அந்தி நேரம் தவறாமல் காய்ச்சல் ஏறும், விடியலில் இறங்கும். படுக்கை நனைந்து வைக்கோல் நாறும். கடைசியில் கிருமி அவன் இதயத்தில் குடியேறி, அவனைக் கொண்டுபோய்விட்டது. காஞ்சனாவின் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று அப்போதே சோதித்துச் சொன்னார்கள்.

பாவி, அந்த வாசத்துக்கே ஏங்க ஆரம்பித்தாள். குக்கர் அடங்கி, எதிர் வீட்டு கேட் கிறீச்சிட்டு ஓய்ந்து, ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் நீண்டு படியும் வேளையில், கைக்குழந்தை அபிநவை அணைத்துக்கொண்டு அவன் படுத்த பக்கத்தில் சாய்ந்து, அறை அந்த வாசத்தால் மெல்ல நிறைவதற்காகக் காத்துக் கிடப்பாள். உடம்பு அசந்து, எலும்பெல்லாம் வலிக்கும். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ருக்மிணி மாமிக்குப் பொறுக்கவில்லை. "போனவன் வாசத்தோட எத்தனை நாள்மா குடும்பம் நடத்துவே? நக்கோமா, வேண்டாம்மா, இது நல்லதில்ல" என்று, இன்று மதியம் மெத்தை, தலையணை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, புதுப் பாயும் போர்வையும் விரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். காஞ்சனா அழுதாளே தவிர தடுக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. வாசம் வந்தது.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். அவன் போகவில்லை. வா என்றுகூட முணுமுணுத்தாள். மடியில் அபிநவ் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

பிறகுதான் உறைத்தது. மெத்தை இல்லை. தலையணை இல்லை.

போர்வையை மோந்தாள். புதுத்துணி வாசம். பாயை மோந்தாள். வெறும் கோரை. நைட்டி முதுகோடு ஒட்டியிருந்தது. தன் கையைத் தூக்கி மோந்தாள்.

ஈர வைக்கோல்.

இத்தனை சாயங்காலமும் இளங்கோவன் என்று அவள் கட்டிக்கொண்டு கிடந்தது இதைத்தான்.

குழந்தையை மார்பிலிருந்து பிடுங்கினாள். அவன் அழவில்லை. பால் வடியும் வாயோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. உச்சி முடி நனைந்து ஒட்டியிருந்தது. அங்கே மூக்கை வைத்தாள்.

வைக்கோல்.

குழந்தை மறுபடி மார்பைத் தேடி வாயைத் திறந்தது.