குண்டு விழுந்த நாளில் வந்தவள்

நெல்லியடிச் சந்தியில் நல்ல மழை. ஜெயதீபனின் மோட்டார் சைக்கிள் வாரியடித்த சேற்றுத் தண்ணீர், கடையோரம் நின்ற பெண்ணின் சேலையை நனைத்துவிட்டது.

“பாத்து ஓடமாட்டியளே?”

அந்தக் குரல்... அவனுக்குக் காலை ஊன்றக்கூட மறந்துபோயிற்று. வண்டியோடு சரிந்தான். மழைத்துளி தொங்கும் இமைகளுக்குள் அதே பெரிய கண்கள்... இருக்க முடியாது. அவள் செத்துப்போனாள் என்றல்லவா சொன்னார்கள்?

சண்டைக் காலத்தில் பருத்தித்துறைக் கரையில் படகு கட்டும் வாடியொன்றில், ஓலைக் கொட்டகையில், அவன் தச்சன். தென்னைகளுக்கு நடுவே, பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடி மறைத்துத்தான் வேலை. புது ஆணி கிடைக்காது. பழைய வள்ளங்களில் பிடுங்கியதை நிமிர்த்தி அடிப்பார்கள். விமான இரைச்சல் கேட்டால் சுத்தியல்கள் நின்றுவிடும். மத்தியானங்களில் மூத்த தச்சரின் மகள் யசிந்தா தகப்பனுக்குச் சோறு கொண்டுவருவாள். அவன் பார்த்ததோடு சரி... பேசியதில்லை.

ஒருநாள் குண்டு விழுந்தது. எரியும் கிடுகுக்கு அடியில் கிடந்தவனை இரண்டு கைகள் இழுத்தன. “கண்ணை மூடாதையுங்கோ... என்னைப் பாருங்கோ” என்றாள் யசிந்தா. அடுத்த குண்டில் அவள் போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. விசாரிக்க ஆளில்லை.

இப்போது அவனைத் தூக்கிவிட்டவள், அவன் நெற்றியில் அந்தக் குண்டு விட்ட தழும்பைக் கண்டு வெளிறிப்போனாள். அவன் இறந்துவிட்டதாக அவளுக்கும் சொல்லியிருந்தார்களாம். இந்தியாவில் அகதி முகாமில் இருந்து, தகப்பன் காலமானபின் தனியே திரும்பியிருக்கிறாள். கலியாணம் செய்யவில்லை.

தேநீர்க்கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தானும் தனியன்தான் என்றான் அவன். தயங்கித் தயங்கி, தன்னைக் கட்டச் சம்மதமா என்றும் கேட்டுவிட்டான்.

அவள் முகம் இறுகியது.

“உயிரைக் காப்பாத்தினதுக்கு நன்றியெண்டால் எனக்கு வேண்டாம்.”

எழுந்துவிட்டாள்.

“நன்றியில்லை, யசிந்தா. நீர் சோத்தோடை வாற நேரமெல்லாம் நான் ஆணியை விட்டிட்டு விரலிலைதான் அடிச்சனான்...”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. கண்கள் நிறைந்தும்விட்டன. மெல்ல மறுபடி உட்கார்ந்தாள்.

“குண்டு விழுந்த அண்டைக்கு அப்பா வேலைக்கு வரேல்லை. காய்ச்சலோடை வீட்டிலை படுத்திருந்தவர்.”

அவன் திகைத்துப்போனான்.

“அப்ப... நீர் ஏன் வாடிக்கு வந்தனீர்?”

அவள் மழையைப் பார்த்தபடி சொன்னாள்:

“உங்களைப் பாக்கத்தான்...”